காகிதத்தில் ஓடிய முதல் நிரல்

நீண்ட காலமாக மென்பொருள் உருவாக்கத்தில் ஈடுபட்டிருப்பவரும், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி அளித்துவருபவருமான மென்பொறியாளர் ஒருவர், நிரலாக்கத்தைத் தொடங்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: நீங்கள் நிரலாக்கத்துக்குள் வந்தது எப்படி? முதன்முதலில் எழுதிய நிரல் நினைவிருக்கிறதா? – பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பள்ளியில் மாணவர்கள் பலர், கணினிகள் சில. வாரத்தில் ஒரு பாடவேளை மட்டுமே ஒருவருக்கு விசைப்பலகை கிடைக்கும். நாங்கள் கற்றது பேசிக் (BASIC) என்ற நிரலாக்க மொழி. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். 10, 20, 30 என்று பத்துப் பத்தாகக் கொடுப்பது வழக்கம். பின்னால் இடையில் ஒரு வரியைச் செருக நேர்ந்தால் 15 என்ற எண் அதற்காகக் காத்திருக்கும். கணினியை அணைத்துவிட்டால் தட்டச்சு செய்த நிரல் போய்விடும் என்பதால், முதலில் நோட்டில் எழுதி வைத்து, வகுப்பு வந்ததும் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வோம்.

அந்தத் தட்டுப்பாட்டை எனக்கு வாய்த்த நல்ல பயிற்சியாகவே இன்றும் கருதுகிறேன். அடுத்த வகுப்பு வரும்வரை கணினி கையில் இல்லாதபோது, எழுதிய நிரல் சரிதானா என்று அறிந்துகொள்ள, நானே கணினியின் இடத்தில் இருந்துகொண்டு அதை வரி வரியாக ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நோட்டின் வலப்பக்கத்தில் ஒவ்வொரு மாறிக்கும், அதாவது நிரலில் மதிப்பைத் தாங்கும் ஒவ்வொரு பெயருக்கும், ஒரு கட்டம் போட்டு, அதன் மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவேன். ஒரு வரி என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாவிட்டால், அந்த வரி எனக்குப் புரியவில்லை என்று பொருள். நிரலாக்கத்தைப் பற்றி நான் கற்ற பாடங்களில் இதற்கு மேலான ஒன்றை இதுவரை கண்டதில்லை.

பாடத்துக்காக எழுதியவற்றை விட்டுவிட்டால், நானாக விரும்பி எழுதிய முதல் நிரல் எண்ணை ஊகிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரை ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். நாம் ஓர் எண்ணைச் சொன்னால், தன் எண் அதைவிடப் பெரிதா சிறிதா என்று சொல்லும். எப்போதும் நடு எண்ணையே சொல்லிக்கொண்டு போனால் ஏழு ஊகங்களுக்குள் விடை வந்துவிடுவதை விளையாடும்போதே கண்டுகொண்டோம். ஒவ்வொரு ஊகத்திலும் பாதி எண்கள் கழிந்துவிடுகின்றன. ஒன்றை ஏழு முறை இரட்டித்தால் 128 கிடைக்கும், அது 100-ஐவிட அதிகம். அப்படியானால் எண்ணை நான் நினைத்துக்கொள்ள, கணினி ஊகிக்கட்டுமே என்று தோன்றியது.

அதற்குக் கீழெல்லை, மேலெல்லை, நடு என்று மூன்று மாறிகள் போதும். நான் நினைத்த எண் நடு எண்ணைவிடப் பெரிது என்றால் கீழெல்லையை நடுவுக்கு நகர்த்த வேண்டும் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 99, 100 ஆகிய இரண்டு எண்கள் மட்டும் எஞ்சியிருக்கும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பின்னத்தை விட்டுவிட்டால் நடு 99. "பெரிது" என்று பதில் கொடுத்தால் கீழெல்லை மறுபடியும் 99, நடுவும் மறுபடியும் 99. நிரல் அந்த இடத்திலேயே முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கீழெல்லையை நடுவுக்கு அடுத்த எண்ணுக்கு நகர்த்தினால்தான் அது முடிவுக்கு வரும். ஒன்றைக் கூட்ட வேண்டும் என்ற அந்தச் சிறு திருத்தம், கணினியைத் தொடுவதற்கு முன்பே நோட்டில் தெரிந்துவிட்டது. இதே வேலையைத்தான் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குள் வேர்விட்டது அப்போதுதான். பின்னாளில் பாடநூல்களில் இதையே இருமத் தேடல் என்ற பெயரில் படித்தபோது, பழகிய ஒருவரைப் புது ஊரில் சந்தித்ததைப் போலிருந்தது.

கேள்வி: முதல் மொழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பிறகு திருத்தவே முடியாது என்கிறார்கள். எந்த மொழியில் தொடங்கலாம்? – கல்லூரியில் முதலாண்டு படிப்பவர்

பதில்: அந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964-இல் பேசிக் மொழியை உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கமாக இருந்தது. கணினி அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவோ, பேசிக்கில் தொடங்கிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பது ஏறத்தாழ இயலாத காரியம் என்று 1975-இல் மிகக் கடுமையாக எழுதினார். டைக்ஸ்ட்ராவின் எழுத்துகளிலிருந்து நான் பெற்றவை ஏராளம். நிரலின் ஓட்டத்தை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தாவ வைக்கும் 'கோடூ' கட்டளையை அவர் எதிர்த்தது முற்றிலும் நியாயம், ஏனெனில் அத்தகைய நிரலைக் காகிதத்தில் பின்தொடர்வது பெரும்பாடு. ஆனாலும் முதல் மொழியே ஒருவரின் சிந்தனையைக் கெடுத்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. பேசிக்கில் தொடங்கி மிகச் சிறந்த நிரலாளர்களாக விளங்கியவர்கள் ஒரு தலைமுறை அளவுக்கு இருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸும் தம் தாத்தாவின் விக்-20 கணினியில் பேசிக் மொழியில்தான் தொடங்கினார்.

இன்று தொடங்குபவருக்கு நான் பைதானைச் சொல்வேன். கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட இந்த மொழியில் வரிகளை உள்தள்ளி எழுதுவதே நிரலின் அமைப்பைத் தீர்மானிக்கிறது என்பதால், எது எதற்குள் அடங்குகிறது என்பது பார்த்தவுடனே விளங்கும். எழுதியதன் விளைவை இணைய உலாவியில் உடனே காண விரும்புபவர் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கலாம். தேர்ந்தெடுத்த மொழியை மூன்று நான்கு மாதங்களாவது மாற்றாமல் இருப்பது மிக முக்கியம். மொழிவிட்டு மொழி தாவுபவர்கள் ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாடக் காணொளிகளைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. ஏன்? – வேலை தேடும் பட்டதாரி

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் இதுவே மிக அதிகம், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். பிறர் எழுதுவதைப் பார்க்கும்போது, முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதையும் அவர் ஏற்றுக்கொள்கிறார். அடுத்த வரி ஏன் அந்த வரி, மாறியின் தொடக்க மதிப்பு ஏன் அது என்ற கேள்விகள் உங்கள் மனத்தில் எழுவதற்கு முன்பே பதில் திரையில் வந்துவிடுகிறது. புரிந்ததுபோல் தோன்றுவது உண்மைதான். ஆனால் நீங்கள் புரிந்துகொண்டது அவர் எடுத்த முடிவை மட்டுமே. முடிவெடுக்கும் பயிற்சி உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டியலில் உள்ள எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் இப்படி எழுதுவார்கள்: 'பெரியது' என்ற மாறியில் சுழியத்தை வை, பட்டியலின் ஒவ்வோர் எண்ணையும் எடு, அது 'பெரியது' என்பதைவிட அதிகமானால் அதையே 'பெரியது' ஆக்கு. 4, 11, 7 என்ற பட்டியலை இதில் கையால் ஓட்டுங்கள். 'பெரியது' கட்டத்தில் 0, பிறகு 4, பிறகு 11. மூன்றாவது எண்ணான 7 வரும்போது மாற்றம் இல்லை. விடை 11, சரி. இப்போது -5, -2, -9 என்ற பட்டியலைக் கொடுங்கள். -5 சுழியத்தைவிடச் சிறிது, -2-உம் சிறிது, -9-உம் சிறிது. கட்டத்தில் சுழியம் அசையாமல் நிற்கிறது. பட்டியலிலேயே இல்லாத ஓர் எண்ணை நிரல் விடையாகச் சொல்கிறது.

தீர்வு, தொடக்க மதிப்பாகப் பட்டியலின் முதல் எண்ணை வைப்பது. வைத்த உடனே அடுத்த கேள்வி பிறக்கிறது: பட்டியல் காலியாக இருந்தால் முதல் எண் எங்கிருந்து வரும்? அப்போது நிரல் என்ன சொல்ல வேண்டும்? இதற்குக் கணிதம் பதில் சொல்லாது, இந்த நிரல் யாருக்காக எழுதப்படுகிறதோ அவருடைய தேவைதான் பதில் சொல்லும். ஆறு வரிகளுக்குள் இத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன. இவற்றை ஒருமுறை நீங்களே எடுத்துவிட்டால், அடுத்த முறை வெற்றுத் திரை உங்களை அச்சுறுத்தாது.

ஆகவே காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கணக்கை அவர் சொல்லி முடித்ததும் நிறுத்திவிட்டு, காகிதத்தில் உங்கள் வழியைத் தமிழிலேயே எழுதுங்கள். மேலே நான் எழுதியது போன்ற சாதாரண வாக்கியங்கள் போதும். அதைக் கையால் ஓட்டிப் பார்த்து, பிறகே மொழிக்கு மாற்றுங்கள். தொடக்கத்தில் மிக மெதுவாகத்தான் போகும். அதற்காக விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: கணக்கில் நான் சுமார்தான். நிரலாளராக முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடியும். எந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கணிதத்தின் தேவை கூடும். முப்பரிமாண வரைகலைக்கு அணிகளும் திசையன்களும் வேண்டும், தகவலை மறைத்து அனுப்பும் குறியாக்கவியலுக்கு எண் கோட்பாடு வேண்டும். படிவங்கள், கணக்கு வழக்குகள், இணையதளங்கள் போன்ற அன்றாட மென்பொருள்களுக்குப் பள்ளிக் கணிதமும், 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' ஆகிய மூன்றையும் குழப்பாமல் கையாளும் தெளிவும் போதும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். பத்தில் ஒரு பங்கை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் முடிவுறும் பின்னமாக எழுத இயலாது என்பதே காரணம். இதனால்தான் பணக் கணக்கு எழுதும் நிரல்களில் தொகையை அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. வேறு துறையில் இருக்கிறேன். இனிமேல் தொடங்குவது பயன் தருமா? – வாசகி

பதில்: கணினித் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹாப்பர், முதலில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் துணைப் பிரிவில் சேர்ந்து, 1944-இல் ஹார்வர்டின் மார்க் 1 கணிப்பொறியில் நிரல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 37. எழுதி வைத்த துணைநிரல்களைத் தானே எடுத்துக் கோக்கும் ஏ-0 என்ற தொகுப்பியை அவர் 1952-இல் உருவாக்கியபோது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தார். அவரைப் போல் எல்லோரும் ஆகலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலின் அடித்தளத்தை அமைத்தவர்களில் பலர் வேறொன்றைப் படித்து, வேறொன்றைச் செய்துகொண்டிருந்துவிட்டே இங்கு வந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முன்பு குறிப்பிட்ட டைக்ஸ்ட்ராவும் இயற்பியல் படித்தவர். 1957-இல் திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரலாளர் என்று அவர் சொல்ல, அப்படியொரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் மறுத்ததால், ஆவணத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுத நேர்ந்தது.

உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. பதினெட்டு வயது மாணவருக்கு எதை எழுதுவது என்பதே பெரும் கேள்வி. உங்கள் பணியிடத்திலோ, திரும்பத் திரும்பக் கையால் செய்து சலித்துப்போன ஒரு வேலை கட்டாயம் இருக்கும். அதையே முதல் நிரலாக எடுத்துக்கொள்ளுங்கள். விடை சரியா தவறா என்று உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தாலே பதறிவிடுகிறேன். எப்படிப் பழகுவது? – பயிற்சி மாணவர்

பதில்: படித்துப் பழக வேண்டும், வேறு மருந்தில்லை. பைதானில் பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். என்ன நடந்தது என்பது கடைசி வரியிலும், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் நடந்தது என்பது அதற்கு மேலும் இருக்கும். விடுபட்ட அடைப்புக்குறி போன்றவற்றைப் பொறுத்தவரை, கணினி சுட்டும் வரிக்கு முந்தைய வரிகளையும் பாருங்கள். குறி விடுபட்டிருப்பது அடுத்த வரியைப் படித்த பிறகே கணினிக்குத் தெரியவரும் சந்தர்ப்பங்கள் பல.

நிரல் ஓடி, தவறான விடையைத் தரும்போதுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. எட்சாக் கணிப்பொறியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், அது 1949-இல் இயங்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தாமே எழுதிய நிரல்களில் பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பதை உணர்ந்ததாக நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்திருக்கிறார். பிழை தேடுவதும் இந்தத் தொழிலின் பகுதிதான், பிழை வருவதால் நீங்கள் இதற்குத் தகுதியற்றவர் என்றாகிவிடாது.

கேள்வி: பைதானில் 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். மூன்று என்று வரும் என்று நினைத்தால் ஐந்து என்கிறது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லையா? – ஆசிரியர்

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் நீங்கள் விடையை முன்கூட்டியே எதிர்பார்த்து, பிறகு ஒப்பிட்டிருக்கிறீர்கள். நாம் காண்பது அ, ம், மா என்ற மூன்று எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையில் அவை அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. பைதான் எண்ணுவது அந்தக் குறியீடுகளை. இதே சொல்லை யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் கோப்பில் சேமித்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட் ஆகும். சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், துணைக்கால் முதலில் வந்து தனித்து நிற்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் இரண்டும் சமமா என்று கேட்டால் பைதான் இல்லை என்றுதான் சொல்லும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும். பைதானிலேயே அதற்கான வசதி இருக்கிறது. தமிழில் பெயர்ப் பட்டியல் தேடும் நிரலை எழுதுபவர்கள் இதைக் கவனிக்கத் தவறினால், இருக்கும் பெயரையே இல்லை என்று நிரல் சொல்லிவிடும். உங்கள் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி ஒன்று சொல்கிறேன்: எழுத்துகளைச் சரியாக மூன்று என்று எண்ணும் ஒரு நிரலை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி எதற்கு நாம் கற்க வேண்டும்? – பல வாசகர்கள்

பதில்: நானும் அக்கருவிகளை அன்றாடம் பயன்படுத்துகிறேன். நேரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தரும் நிரல் சரியா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு இன்னமும் நம்முடையதே. ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று கண்டறியும் நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரல், 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தாலும் சரியான விடையையே தரும். அந்த இடைவெளிக்குள் ஆயிரம் முறை சோதித்தாலும் குறை வெளிப்படாது. நூற்றாண்டு ஆண்டுகள் நானூறால் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்பதை அறிந்தவர்தான் 1900-ஐயும் 2000-ஐயும் 2100-ஐயும் கொடுத்துப் பார்ப்பார். புகழ்பெற்ற விரிதாள் மென்பொருளான எக்செல் இன்றும் 1900-ஐ லீப் ஆண்டாகவே கொள்கிறது. முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழை அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டது.

கற்கும் காலத்தில் இக்கருவிகளை விலக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் கேளுங்கள், இரண்டையும் ஒரே உள்ளீட்டைக் கொண்டு கையால் ஓட்டி ஒப்பிடுங்கள். அது தந்த நிரலில் ஒரு வரியேனும் என்ன செய்யும் என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த வரியைப் புரிந்துகொள்ளும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் எழுதிய விளையாட்டு நிரலிலிருந்து முதல் வேலைக்கு எப்படிப் போனீர்கள்? – கணினி அறிவியல் மாணவர்

பதில்: கல்லூரிப் படிப்பு, நேர்காணல் என்று வழக்கமான பாதைதான். எனக்கு வியப்பளித்தது வேலையின் தன்மை. புதிதாக எழுதப் போகிறோம் என்று எதிர்பார்த்துச் சென்றேன். முதலில் கொடுத்ததோ, நான் சேர்வதற்கு முன்பே நிறுவனத்திலிருந்து விலகிவிட்டவர்கள் எழுதிய பெரிய நிரலொன்றில் ஓர் அறிக்கைக்குக் கூடுதலாக ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் பணி. சேர்க்க வேண்டியவை சில வரிகளே, அவற்றை எங்கே சேர்ப்பது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பகுதியை அச்சிட்டு, பள்ளியில் செய்தது போலவே ஓரத்தில் கட்டம் போட்டு மாறிகளைப் பின்தொடர்ந்தேன். கல்லூரியில் எழுதச் சொல்லித் தருகிறார்கள், பிறர் எழுதியதைப் படிக்கச் சொல்லித் தருவது அரிது. நீங்கள் இப்போதே, நிரலை யாரும் படிக்கும்படி வெளியிடப்படும் திறந்த மூல மென்பொருள்களில் சிறிய ஒன்றை எடுத்து, அதன் சோதனை நிரல்களை முதலில் படியுங்கள். எதைக் கொடுத்தால் எது வர வேண்டும் என்பது அவற்றில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். நிரலில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவியின் வரலாற்றில் ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து, அது ஏன் தேவைப்பட்டது என்று விளக்க முயலுங்கள். நேர்காணலில் இதைப் பற்றி உங்களால் ஐந்து நிமிடம் பேச முடிந்தால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: தொடங்குவதற்கு எத்தகைய மடிக்கணினி வேண்டும்? – மாணவரின் தந்தை

பதில்: இணைய உலாவியும் நிரல் எழுதுவதற்கான ஓர் எடிட்டரும் தடையின்றி ஓடும் எந்தக் கணினியும் போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பைதானும் பெரும்பாலான எடிட்டர்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசியில் படிக்கலாம், ஆனால் தட்டச்சு செய்வதும் நீண்ட நிரலைப் பார்வையிடுவதும் அதில் கடினம். வீட்டில் கணினியே இல்லாவிட்டால், பள்ளியிலோ நூலகத்திலோ கிடைக்கும் நேரத்துக்காகக் காத்திருக்காமல், ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்து முதல் சில நிரல்களை அதில் எழுதி ஓட்டச் சொல்லுங்கள்.